எதற்கும் பொருந்தாத ரெஜெக்ஸைத் தேடியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறு பேர் கொண்ட குழு. முப்பது சொச்சம் சர்வர்களின் லாக்கைக் கவனித்து, கோளாறு என்று தெரியும் பதிவுகளைக் குழுவின் சாட்டுக்கு அலர்ட்டாக அனுப்பும் நிரல் ஒன்றைப் பராமரித்துவந்தோம். இந்தக் கதையில் வரும் மாற்றங்களில் இரண்டை ரிவ்யூ செய்து ‘சரி’ என்று போட்டவன் நான். ஆகவே தள்ளி நின்று பார்த்தவனின் குறிப்பு அல்ல இது.

வருகிற எல்லாவற்றையும் அலர்ட்டாக அனுப்பினால் ஒருவரும் படிக்கமாட்டார்கள். அதற்காக ஒதுக்கல் பட்டியல் என்று ஒரு கோப்பு வைத்திருந்தோம். வரிக்கு ஒரு ரெஜெக்ஸ், அதாவது எந்த மாதிரி எழுத்துகள் வந்தால் பொருந்தும் என்று குறிகளால் எழுதும் பேட்டர்ன். அவற்றில் ஏதாவது ஒன்று பதிவுக்குப் பொருந்தினால் அந்தப் பதிவு அலர்ட் ஆகாது. ஏற்கெனவே தெரிந்த, சரிசெய்ய ஆள் போட்டாயிற்று என்ற நிலையில் உள்ள கோளாறுகள்தான் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. எடுக்கத்தான் யாருக்கும் நேரம் இருக்காது.

நிரலின் முதல் வடிவம் ஷெல் ஸ்கிரிப்ட். ஒதுக்கல் கோப்பை, வரிகளைத் தேடித்தரும் கிரெப் என்ற கட்டளையிடம் அப்படியே கொடுத்து, ‘இதில் எதற்கும் பொருந்தாத வரிகளை மட்டும் கொடு’ என்று கேட்கும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோப்பு முற்றிலும் காலியாக, 0 பைட்டாக இருந்தால், பேட்டர்னே இல்லை என்று கிரெப் எடுத்துக்கொள்ளும். எதுவும் பொருந்தாது, எல்லா வரிகளும் வெளியே வரும். குனு கிரெப்பின் கையேடு இதைச் சொல்கிறது. அதே கோப்பில் ஒரே ஒரு வெற்று வரி இருந்தால் கதை தலைகீழ். வெற்று வரி என்றால் வெற்றுப் பேட்டர்ன். அது எல்லா வரிக்கும் பொருந்தும். வெளியே ஒன்றும் வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு என்டர் விசைதான் வித்தியாசம்.

எங்கள் ஸ்கிரிப்டை எழுதியவர் இதைத் தெரிந்து எழுதினாரா, தானாக அமைந்ததா என்று இப்போது கேட்டால் அவரே சிரிக்கிறார். எப்படியோ, பட்டியல் காலியான நாட்களில் நிரல் ஒழுங்காக நடந்தது. ‘பட்டியல் காலி என்றால் எதையும் ஒதுக்காது’ என்பது எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. எந்த ஆவணத்திலும் அதை எழுதி வைக்கவில்லை.

பிறகு நிரலைப் பைத்தானில் மாற்றி எழுதினோம். கோப்பைப் படித்து, வரிகளை ‘அல்லது’ என்று பொருள்படும் `|` குறியால் கோத்து, ஒரே பேட்டர்னாக்கி வைத்துக்கொள்ளும். `நேரம் கடந்தது|இணைப்பு துண்டிப்பு|மறுமுயற்சி` என்கிற மாதிரி. பத்து பேட்டர்னைத் தனித்தனியாக ஓட்டுவதைவிட ஒன்றாக ஓட்டுவது சுத்தமாகத் தெரிந்தது. அந்த மாற்றத்தை ரிவ்யூ செய்தது நான். சோதனைக் கோப்பில் மூன்று பேட்டர்ன் இருந்தன. மூன்றும் வேலை செய்தன. காலிக் கோப்பு எனக்குத் தோன்றவே இல்லை.

கவனித்தது

ஒரு வியாழக்கிழமை மாலை, பட்டியலில் மிஞ்சியிருந்த கடைசி இரண்டு வரிகளையும் சக ஊழியர் ஒருவர் நீக்கினார். நியாயமான வேலை. அந்தக் கோளாறுகள் தீர்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை ஒரு அலர்ட்கூட வரவில்லை. சனி, ஞாயிறும் வரவில்லை. சாட்டில் யாரோ ‘அமைதியான வார இறுதி’ என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். அதற்கு நாலு பேர் லைக். நானும் ஒருவன்.

திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் சர்வர் ஒன்றில் டிஸ்க் நிரம்பி, எழுதும் வேலைகள் நின்றுபோயின. எங்களுக்கு அலர்ட் சொல்லவில்லை, பயனர்கள் சொன்னார்கள். லாக்கைத் திறந்து பார்த்தால், டிஸ்க் நிரம்பிக்கொண்டே வருகிறது என்ற எச்சரிக்கை ஞாயிறு இரவிலிருந்து திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அலர்ட் நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு பதிவையும் படித்திருக்கிறது. அதன் எண்ணிக்கைப் பலகையில் ‘படித்தவை’ என்ற எண்ணும் ‘ஒதுக்கியவை’ என்ற எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தன. மூன்று நாளாக அந்தப் பலகையை யாரும் திறக்கவில்லை.

காரணம்

டிஸ்க்கில் இடம் ஏற்படுத்திக் கொடுத்துவிட்டு, நானும் பட்டியலை நீக்கியவரும் உட்கார்ந்தோம். பைத்தானைத் திறந்து வெற்றுப் பேட்டர்னை ‘டிஸ்க் நிரம்பியது’ என்ற சரத்தில் (எழுத்துத் தொடரில்) தேடச் சொன்னேன். ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்த்தேன். பொருத்தம் கிடைத்தது என்றது: தொடக்கம் 0, முடிவு 0, பொருந்திய பகுதி வெற்றுச் சரம்.

யோசித்தால் அது சரிதான். எந்த எழுத்தும் வேண்டாம் என்று கேட்கும் பேட்டர்னுக்கு, சரத்தின் முதல் இடத்திலேயே கேட்டது கிடைத்துவிடுகிறது. காலிப் பட்டியலை `|` கொண்டு கோத்தால் வருவது வெற்றுச் சரம். அதுவே பேட்டர்ன் ஆனதும் உலகத்தில் உள்ள எல்லாப் பதிவுக்கும் அது பொருந்தியது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து நாங்கள் செய்த தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான். ஸ்டீபன் கிளீன் 1950-களில் ரெஜெக்ஸுக்கு உருவாக்கிய முறையான கோட்பாட்டில் இரண்டு தனித்தனிக் குறிகள் உண்டு. எப்சிலான் என்பது வெற்றுச் சரத்துக்குப் பொருந்துவது. வெற்றுக் கணம் என்பது எந்தச் சரத்துக்கும், வெற்றுச் சரத்துக்குக்கூட, பொருந்தாதது. பேட்டர்ன்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும்போது எதையும் மாற்றாதது எப்சிலான். ‘இது அல்லது அது’ என்று சேர்க்கும்போது எதையும் மாற்றாதது வெற்றுக் கணம். பெருக்கலுக்கு 1 போல, கூட்டலுக்கு 0 போல. ஒன்றையும் கூட்டாமல் விட்டால் கிடைப்பது 0. ஒன்றையும் பெருக்காமல் விட்டால் கிடைப்பது 1.

நாங்கள் செய்தது ‘அல்லது’ சேர்க்கை. ஒன்றுமே இல்லாத ‘அல்லது’ சேர்க்கையின் விடை வெற்றுக் கணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சரங்களைக் கோக்கும் நிரலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது எழுத்துகளைத்தான் ஒட்டுகிறது. கையில் ஒன்றும் இல்லையென்றால் வெற்றுச் சரத்தைத் தருகிறது. அது எப்சிலான். கூட்டல் கணக்கில் 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்து உட்கார்ந்துகொண்டது.

கென் தாம்சன் 1968-இல் வெளியிட்ட தேடல் முறையும் அதன் வழியில் வந்த கருவிகளும் கோட்பாட்டிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன. எப்சிலானை எழுதச் சிரமமே இல்லை, ஒன்றும் எழுதாமல் விட்டால் போதும். வெற்றுக் கணத்துக்குத்தான் பெரும்பாலான கருவிகளில் குறி இல்லை. பெர்ல் மொழி 2007-இன் 5.10 பதிப்பில் ‘ஃபெயில்’ என்று ஒரு சொல்லையே கொடுத்தது. மற்ற இடங்களில் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். நாங்களும் சுற்றி வளைக்கப் போனோம்.

முதல் திருத்தம்: வாலுக்குப் பின்னால் தலை

பட்டியல் காலியாக இருந்தால், எதற்கும் பொருந்தாத ஒரு பேட்டர்னை அந்த இடத்தில் வைப்பது என்று முடிவெடுத்தோம். நிரலின் மற்றப் பகுதிகள் எல்லாம் ‘ஒரு பேட்டர்ன் இருக்கும்’ என்று நம்பி எழுதப்பட்டவை. ஒரு வரி மாற்றத்தில் வேலை முடிகிறதே என்று இருந்தது.

சக ஊழியர் எழுதியது `$^`. `$` என்றால் முடிவு, `^` என்றால் தொடக்கம். “வாலுக்கு அப்புறம் தலை எப்படிங்க வரும்?” என்றார். எனக்கும் சரியாகப் பட்டது. மூன்று வெவ்வேறு சரங்களில் ஓட்டிக் காட்டினார். மூன்றுக்கும் பொருந்தவில்லை. ‘சரி’ போட்டேன்.

அலர்ட் மறுபடி வரத் தொடங்கியது. எல்லோரும் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விட்டோம்.

மறுநாள் மதியம், வேறு எதற்கோ லாக்கைப் புரட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்: “இங்கே ஒரு நிரல் காலையிலிருந்து விழுந்து விழுந்து எழுகிறதே, அலர்ட் வரலையா?” வரவில்லை. ஒற்றை வரிப் பதிவுகள் அலர்ட்டாக வந்துகொண்டிருந்தன. பல வரிகள் கொண்ட பதிவுகள், அதாவது நிரல் விழும்போது வெளிவிடும் நீளமான அழைப்புத் தடங்கள், ஒன்றுகூட வரவில்லை. இருப்பதிலேயே முக்கியமான பதிவுகள் அவைதான்.

`$^`-இல் என்ன பிழை? இரண்டு குறிகளும் எழுத்து எதையும் விழுங்குவதில்லை. இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பவை. ஆகவே ‘வாலுக்கு அப்புறம் தலை’ என்று படித்ததே தவறு. ‘ஒரே இடம் முடிவாகவும் தொடக்கமாகவும் இருக்கிறதா?’ என்று படித்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் உண்டு. வெற்றுச் சரத்தில் இருப்பது ஒரே இடம்தான். அதுவே தொடக்கம், அதுவே முடிவு. `$^` வெற்றுச் சரத்துக்குத் தாராளமாகப் பொருந்தும்.

எங்கள் நிரல் பலவரி முறையில் ஓடியது. பட்டியலில் `^` போட்டு எழுதிய பேட்டர்ன் பதிவின் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அந்தத் தெரிவைப் போட்டிருந்தோம். அந்த முறையில் `^` ஒவ்வொரு வரியின் தொடக்கத்துக்கும், `$` ஒவ்வொரு வரியின் முடிவுக்கும் பொருந்தும். நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் போதும், அங்கே தலையும் வாலும் ஒன்றாகிவிடும்.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது. பல வரிப் பதிவுகளைச் சேர்க்கும் பகுதி கடைசி வரிமாற்ற எழுத்தை (என்டர் தட்டினால் வருவது) நீக்காமல் விட்டிருந்தது. பைத்தானில், பலவரி முறையில், சரத்தின் கடைசி எழுத்து வரிமாற்றமாக இருந்தால் அதற்கு அடுத்த இடமும் ஒரு வரியின் தொடக்கமாகக் கணக்காகும். அதே இடம் சரத்தின் முடிவும்கூட. ஆகவே வரிமாற்றத்தில் முடியும் ஒவ்வொரு பதிவுக்கும் `$^` பொருந்தியது. ஒற்றை வரிப் பதிவுகளில் அந்த எழுத்தை நீக்கியிருந்தோம், அதனால் அவை தப்பின. சோதனைக்குக் கொடுத்த மூன்று சரங்களிலும் வரிமாற்றம் இல்லை, அதனால் நாங்கள் தப்பவில்லை.

பெர்லில் இதே சோதனையைச் செய்தால் விடை வேறு. சரத்தின் கடைசி எழுத்தாக வரும் வரிமாற்றத்துக்குப் பின்னால் உள்ள இடத்தை அங்கே `^` தொடக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு மொழியில் கற்ற ரெஜெக்ஸ் பழக்கத்தை இன்னொரு மொழிக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது என்பதற்கு இதைவிடப் பொடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாம் திருத்தம்

இந்த முறை அவசரப்படவில்லை என்று நினைத்துக்கொண்டோம். `(?!)` என்று எழுதினோம். இது எதிர்மறை முன்நோக்கு: ‘இந்த இடத்துக்கு அடுத்து, அடைப்புக்குள் இருப்பது வரக்கூடாது’ என்று பொருள். அடைப்புக்குள் இருப்பது வெற்றுப் பேட்டர்ன். அது எங்கேயும் பொருந்தும் என்று திங்கட்கிழமை பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கேயும் பொருந்துவது வரக்கூடாது என்றால் எங்கேயுமே முடியாது. முதல் நாள் எங்களைக் கவிழ்த்த அதே குணத்தைத் திருப்பிப் போட்டால் வேண்டியது கிடைக்கிறது. அழகான விடை என்று இன்றும் நினைக்கிறேன். வரிமாற்றம், வெற்றுச் சரம், பலவரி முறை, எதைக் கொடுத்தாலும் அசையவில்லை. பைத்தானில் இது முழுச் சரி.

ஆனால் அந்த வாரம்தான் சோதனையாக நான்கு சர்வர்களில் இன்னொரு மாற்றம் போட்டிருந்தோம். ஒதுக்க வேண்டிய பதிவுகளை மையத்துக்கு, அதாவது அந்தப் பைத்தான் நிரலுக்கு, அனுப்பாமல் அந்தந்தச் சர்வரிலேயே தள்ளிவிடும் ஏஜென்ட் என்ற சிறு நிரல். கோ மொழியில் எழுதியது. மையம் கோத்துவைத்த பேட்டர்னையே அதுவும் வாங்கிக்கொள்ளும்.

மாற்றம் போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் நான்கு ஏஜென்ட்களும் விழுந்தன. தானாக எழுந்தன, மறுபடி விழுந்தன. `(?!` என்பது செல்லாத அல்லது ஆதரிக்கப்படாத பெர்ல் தொடரியல் என்று பிழைச்செய்தி. கோவின் ரெஜெக்ஸ் எஞ்சின் (ரெஜெக்ஸை ஓட்டும் பகுதி), கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆர்.ஈ.2 என்ற நூலகத்தின் வழியில் வந்தது. உள்ளீடு எவ்வளவு நீளமோ அந்த விகிதத்துக்கு மேல் நேரம் எடுக்காது என்ற உறுதியை அது தருகிறது. முன்நோக்கு, பின்நோக்கு ஆகியவற்றை அதற்காகவே விட்டுவிட்டது. ரஸ்ட் மொழியின் வழக்கமான ரெஜெக்ஸ் நூலகமும் அப்படித்தான்.

‘இயங்குகிறேன்’ என்று நான்கு ஏஜென்ட்களும் அனுப்பும் உயிர்த்துடிப்பு நின்றதும் மையம் கத்தியது. ஐந்து நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திரும்பிவிட்டோம். மூன்று கோளாறுகளில் இதுதான் குறைந்த சேதம். சத்தம் போட்டுக்கொண்டு விழுந்ததால்.

எல்லா எஞ்சினுக்கும் ஒரே பேட்டர்ன் உண்டா?

அன்று மாலை மூன்று பேர் வெள்ளைப்பலகை முன்னால் நின்றோம். எங்களிடம் பட்டியலைப் படிக்கும் இடங்கள் மூன்று: பைத்தான் மையம், கோ ஏஜென்ட், அப்புறம் தினசரி அறிக்கைக்காக இன்னும் ஓடிக்கொண்டிருந்த பழைய கிரெப் ஸ்கிரிப்ட். மூன்றிலும் எதற்கும் பொருந்தாத ஒரே பேட்டர்ன் வேண்டும்.

`அ^` என்று ஒருவர் எழுதினார். ஓர் எழுத்தை விழுங்கிய பிறகு தொடக்கத்தில் இருக்க முடியாதே. ‘அ’ வரிமாற்றம் இல்லை என்பதால் பலவரி முறையிலும் தாங்கும். பைத்தானிலும் கோவிலும் சரி. ஆனால் கிரெப்பின் அடிப்படை வகைத் தொடரியலில் `^` பேட்டர்னின் தொடக்கத்தில் இருந்தால்தான் சிறப்புப் பொருள். நடுவில் வந்தால் அது வெறும் எழுத்து. அங்கே `அ^` என்பது ‘அ^’ என்று எழுதியிருக்கும் வரிக்குப் பொருந்தும். லாக்கில் அப்படி ஒரு வரி எப்போது வரப்போகிறது என்று கேட்கலாம். அந்தப் பேட்டர்னைப் பற்றியே எங்கள் நிரல் லாக் எழுதும்போது வரும்.

`$.` அடுத்தது. முடிவுக்கு அப்புறம் ஓர் எழுத்து. பைத்தானில் பலவரி முறை இல்லாதபோதும் `$` கடைசி வரிமாற்றத்துக்கு முன்னால் உள்ள இடத்துக்குப் பொருந்தும். புள்ளி வரிமாற்றத்தை ஏற்காத வரை ஆபத்து இல்லை. ‘புள்ளி எல்லாவற்றையும் ஏற்கட்டும்’ என்ற தெரிவை நாளை யாராவது போட்டால், வரிமாற்றத்தில் முடியும் எல்லாப் பதிவும் மறுபடி காணாமல் போகும். அதே பள்ளம், வேறு வழி.

மூன்றாவது யோசனை எழுத்துத் தொகுதி. சதுர அடைப்புக்குள் வெற்றிட வகையைக் குறிக்கும் பின்சாய்வு-சிறிய எஸ்ஸையும், அதுவல்லாததைக் குறிக்கும் பின்சாய்வு-பெரிய எஸ்ஸையும் சேர்த்தால் எல்லா எழுத்தும் வந்துவிடும். முன்னால் `^` போட்டு மறுத்தால் ஓர் எழுத்தும் மிஞ்சாது. முன்நோக்கு தேவையில்லை, எந்தத் தெரிவும் இதை அசைக்காது. பைத்தானிலும் கோவிலும் ஓட்டிப் பார்த்தோம், இரண்டும் ஒத்துக்கொண்டன. கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பழைய ஸ்கிரிப்டை எழுதியவர்தான் தடுத்தார். யுனிக்ஸ் வகைக் கருவிகளுக்கான போசிக்ஸ் தரத்தின் விதிப்படி சதுர அடைப்புக்குள் பின்சாய்வுக்குச் சிறப்புப் பொருள் கிடையாது. கிரெப் அதை ‘பின்சாய்வு, சிறிய எஸ், பெரிய எஸ் தவிர ஏதாவது ஓர் எழுத்து’ என்று படிக்கும். அதாவது கிட்டத்தட்ட எல்லா வரிக்கும் பொருந்தும். இரண்டு எஞ்சினில் ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் அதே எழுத்துகள், மூன்றாவதில் ‘ஏறக்குறைய எல்லாம்’. பிழைச்செய்திகூட வராது.

ஜாவாஸ்கிரிப்டில் `[]` என்ற காலித் தொகுதியே போதும் என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், பைத்தானில் அதை எழுதினால் அடைப்பு மூடப்படவில்லை என்று பிழை வரும். பலகையில் இடமும் தீர்ந்துபோனது.

எடுத்த முடிவு, ஏன்

நாங்கள் கேட்ட கேள்வியே பிசகு என்று அப்போதுதான் உறைத்தது. ‘எதையும் ஒதுக்காதே’ என்பது பட்டியலைப் பற்றிய செய்தி. அதைப் பேட்டர்ன் என்ற வேறொரு மொழிக்குப் பெயர்த்து, அந்த மொழியில் அதற்குச் சொல் இல்லாததால் புதிர் போட்டுக்கொண்டிருந்தோம். பட்டியலில் நீளம் 0 என்று தெளிவாக இருந்த தகவலை நாமே அழித்துவிட்டு, மறுபடி உருவாக்க வழி தேடினோம்.

ஆகவே கோப்பதையே விட்டோம். மையம் இப்போது பட்டியலைப் பட்டியலாகவே அனுப்புகிறது. பைத்தான் நிரல் ஒவ்வொரு பேட்டர்னாக ஓட்டி, ஏதாவது ஒன்று பொருந்தினால் ஒதுக்கும். காலிப் பட்டியலில் ‘ஏதாவது ஒன்று உண்டா?’ என்று பைத்தானைக் கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் விடை. கூட்டல் கணக்கின் 0 அங்கே தானாகவே சரியாக அமைந்திருக்கிறது. கோ ஏஜென்ட்டில் சுற்று ஒரு முறைகூட ஓடாது. கிரெப் ஸ்கிரிப்டுக்கு 0 பைட் கோப்பு போகும். அது எப்போதுமே அதைச் சரியாகப் புரிந்துகொண்டது.

வேகம் குறையாதா என்று கேள்வி வந்தது. பட்டியலில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் இருந்ததே இல்லை. குறைந்திருந்தாலும் யாருக்கும் தெரியவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் பேட்டர்ன் தவிர்க்க முடியவில்லை. பதிவுகளைக் காட்டும் வெளியார் கருவி ஒன்றில் ‘மறைக்க வேண்டியவை’ என்ற கட்டம் ரெஜெக்ஸ் கேட்கிறது, காலியாக விட ஒத்துக்கொள்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின். அங்கே `(?!)` போட்டு, பக்கத்தில் ‘வேண்டுமென்றே எதற்கும் பொருந்தாதது’ என்று குறிப்பும் எழுதினோம். `[]` இன்னும் சிறியது. ஆனால் அதைப் படிப்பவர் யாரோ பாதியில் விட்ட பேட்டர்ன் என்று எண்ணிச் ‘சரிசெய்ய’ வாய்ப்பு உண்டு. நாளைக்குக் கருவி எஞ்சினை மாற்றினால், `(?!)` ஒன்று சரியாக வேலை செய்யும், அல்லது ஏஜென்ட் போலச் சத்தம் போடும். எல்லாவற்றுக்கும் பொருந்திவிட்டுச் சும்மா இருப்பதைவிட அது மேல். ஒவ்வோர் இடத்திலும் முயன்று தோற்பதால் நீளமான உரையில் கொஞ்சம் நேரம் வீணாகும். எங்கள் வரிகள் குட்டை என்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கூடவே இரண்டு காவல்கள். பட்டியலைச் சேமிக்கும்போது ஒவ்வொரு பேட்டர்னையும் வெற்றுச் சரத்தில் ஓட்டிப் பார்க்கிறோம்; பொருந்தினால் ஏற்பதில்லை. வெற்று வரி, `அ|` என்று தொங்கும் குறி, `அ*` (‘அ’ எத்தனை முறையும் வரலாம், வராமலும் இருக்கலாம்) போன்றவை அங்கேயே நின்றுவிடும். இது முழுமையான காவல் அல்ல. வெற்று அல்லாத ஏறக்குறைய எல்லாச் சரத்துக்கும் பொருந்தும் வெறும் புள்ளி தாராளமாக நுழைந்துவிடும். அதற்குத்தான் இரண்டாவது காவல்: மணிக்கு ஒருமுறை நாங்களே ஒரு பொய்ப் பதிவை லாக்கில் எழுதுகிறோம். அது அலர்ட்டாக மறுமுனைக்கு வந்து சேராவிட்டால் தனி வழியில் போன் அடிக்கும்.

சோதனைகளையும் மாற்றினோம். எதற்கும் பொருந்தக்கூடாத ஒன்றைச் சோதிக்க மூன்று நல்ல வாக்கியங்கள் எதற்கு? இப்போது வெற்றுச் சரம், வெறும் வரிமாற்றம், வரிமாற்றத்தில் முடியும் உரை, நடுவில் வெற்று வரி உள்ள உரை, பேட்டர்னை எழுதிய அதே எழுத்துகள் ஆகியவற்றைக் கொடுக்கிறோம். முதல் நாளே வரிமாற்றத்தில் முடியும் உரையைக் கொடுத்திருந்தால் `$^` ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

அதற்குப் பிறகு

சில வாரம் கழித்துப் பட்டியல் மறுபடி காலியானது. யாருக்கும் தெரியவில்லை, அலர்ட்டுகள் வந்துகொண்டிருந்தன. எண்ணிக்கைப் பலகையில் ‘ஒதுக்கியவை’ 0 என்று நின்றதைப் பிறகு தற்செயலாகத்தான் பார்த்தேன்.

வேறொரு நாள் ஒருவரின் எடிட்டர் கோப்பின் கடைசியில் ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிட்டது. சேமிக்க முடியவில்லை என்று சற்றுக் கடுப்போடு வந்தார். காவல் இல்லாவிட்டால் பழைய ஸ்கிரிப்ட் தரும் அறிக்கை அன்று காலியாகப் போயிருக்கும்.

பொய்ப் பதிவுக் காவல் இதுவரை ஒருமுறை அடித்திருக்கிறது. காரணம் ரெஜெக்ஸ் அல்ல. சாட்டுக்கு அனுப்பும் சாவி காலாவதியாகியிருந்தது. அதுவும் அமைதியாகவே நடந்திருக்கும்.

இன்று செய்தால்

மாற்றி எழுதும் முன், பழைய ஸ்கிரிப்டை எழுதியவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காலிக் கோப்பு கொடுத்தால், கோப்பே இல்லாவிட்டால், வெற்று வரி இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பேன். பழைய நிரலின் சரியான குணங்களில் பாதி அதன் நிரல்வரிகளில் தெரியாது. அது பயன்படுத்திய கருவியின் குணமாக இருக்கும்.

இரண்டு நாள் அலர்ட் வராதபோது லைக் போட்டிருக்கமாட்டேன்.

முதல் திருத்தத்தை ரிவ்யூ செய்தபோது ‘இது எதற்குப் பொருந்தும்?’ என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது ‘இதற்குப் பொருந்தவில்லை அல்லவா?’ என்பது. அவர் காட்டிய மூன்று சரங்களோடு திருப்தியானேன். அவர் மேல் பழி சொல்ல ஒன்றும் இல்லை. ‘சரி’ போட்டது நான்.

தீராத ஒன்று இருக்கிறது. வெற்றுச் சரக் காவல் `^$` என்ற பேட்டர்னையும் தடுக்கிறது. சில பழைய நிரல்கள் அர்த்தமில்லாமல் வெற்றுப் பதிவுகளை எழுதும். அவற்றை மட்டும் ஒதுக்க `^$` நியாயமான பேட்டர்ன்தான். ஆனால் பலவரி முறையில் அது நடுவில் வெற்று வரி உள்ள அழைப்புத் தடங்களையும் சேர்த்து விழுங்கும், `$^` செய்ததைப் போலவே. பலவரி முறையை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். எடுத்தால் பட்டியலில் உள்ள பாதிப் பேட்டர்ன்களைத் திருத்தி எழுத வேண்டும் என்கிறார் இன்னொருவர். போன மாதக் கூட்டத்திலும் அதைத் தள்ளிப்போட்டோம்.